வாடகை வாங்கி உட்கார்ந்து சாப்பிடலாமா?

மூன்றாமாண்டு பொருளியல் மாணவன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லிவைத்த முன்னோர், "வாடகைக்கு விட்டுப் பார்" என்பதையும் உடன் சேர்த்திருந்தால் நம் பெற்றோரில் பலர் தப்பித்திருப்பார்கள். ஓய்வு பெறப்போகும் ஆசிரியரைக் கேளுங்கள், பேருந்து நடத்துநரைக் கேளுங்கள், வளைகுடா நாட்டிலிருந்து திரும்பிவந்த தொழிலாளியைக் கேளுங்கள். கையில் வந்த பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்றால் எல்லோரிடமிருந்தும் ஒரே விடைதான் வரும். "ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் வாடகை வாங்கி உட்கார்ந்து சாப்பிடலாம்." வாழ்நாள் முழுதும் கணக்குப் பார்த்துச் செலவு செய்த மனிதர்கள், வாழ்நாளின் மொத்தச் சேமிப்பையும் போடும்போது மட்டும் கணக்கே பார்ப்பதில்லை. இது ஏன் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு குடித்தனங்கள் இருக்கின்றன. அவர்கள் தரும் வாடகையில் ஒரு பகுதிதான், நான் இங்கே மூன்று நண்பர்களோடு தங்கியிருக்கும் அறைக்கு வாடகையாகப் போகிறது. ஊரில் நான் வீட்டுக்காரர் மகன். கல்லூரிக்கு வந்தால் குடித்தனக்காரன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவனுக்கு ஒரு கருத்து உண்டாகாமல் இருக்குமா? வாடகை வீடு ஒரு தொழில். அதைத் தொழிலாக நடத்த மனமில்லாதவர் அதில் பணத்தைப் போடக் கூடாது. இதுவே என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒருவர் 50 இலட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக, முழு விலைக்கும் பதிந்தால் 4 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் பதிவன்றே போய்விடுகிறது. வீட்டுக்கு மாதம் 12,000 ரூபாய் வாடகை கிடைப்பதாகக் கொள்வோம், ஆண்டுக்கு 1,44,000. பழைய குடித்தனம் போய்ப் புதியது வருவதற்குள் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 12,000 குறையும். வீட்டு வரி 5,000 என்போம். மோட்டார் காயில் எரிவது, குழாய் ஒழுகுவது, கழிவுத் தொட்டி நிரம்புவது, வெள்ளையடிப்பது என எல்லாவற்றுக்கும் சேர்த்து 15,000. மிச்சம் 1,12,000 ரூபாய். ஐம்பத்து நாலரை இலட்சத்துக்கு இது ஏறக்குறைய 2 விழுக்காடு! முதல் நான்கு ஆண்டு வாடகை பதிவுச் செலவை ஈடுகட்டவே போதாது. அதே பணம் வங்கியில் வைப்பாகக் கிடந்தாலும் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருக்கும். இரவு பத்து மணிக்குத் தண்ணீர் வரவில்லை என்று கதவைத் தட்டியும் இருக்காது.

கடன் வாங்கி வாங்கினால் கணக்கு இன்னும் கசப்பு. 30 இலட்சம் ரூபாய் கடனை 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணையில் எடுத்தால் மாதத் தவணை 26,000 ரூபாயைத் தாண்டும். வாடகை 12,000 வரும். மீதி 14,000 யார் சம்பளத்திலிருந்து போகிறது? வாடகை கடனைக் கட்டிவிடும் என்று தரகர் சொல்வதை நம்புகிறவர்கள் தாளும் பேனாவும் எடுத்து இந்த ஒரு வரியைப் போட்டுப் பார்த்தால் போதும்.

"நிலத்தின் விலை ஏறுமே!" என்பார்கள். ஏறலாம். ஆனால் ஏறுவது மனை. கட்டடம் ஆண்டுக்காண்டு தேய்கிறது. அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கியவருக்குச் சொந்தமான மனை, பத்திரத்தில் எழுதிய பிரிபடாத பங்கு மட்டுமே. தவிரவும், விலையேற்றத்தை நம்பி வாங்குவது விலையேற்றத்தின் மேல் கட்டும் பந்தயம். அதற்கு வாடகை வருமானம் என்று பெயர் சூட்டி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது.

சரி, வாங்கியே தீர்வது என்று முடிவு செய்துவிட்டார் ஒருவர். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பது இன்று எல்லோரும் அறிந்ததே. வில்லங்கத்தை இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும். பதிவாகாத உரிமை தெரியாது. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், மணமாகாத மகள்களுக்கு இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கைக் கொடுத்தது. 2005-இல் நாடாளுமன்றம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. இவ்வளவுக்குப் பிறகும் அண்ணன் தம்பிகள் கையெழுத்தோடு கிரயம் முடிந்துவிடுகிறது. அக்காள் தங்கை கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. பத்தாண்டு கழித்து நீதிமன்ற அழைப்பாணை வரும்போதுதான் விற்றவருக்கு ஒரு தங்கை இருந்தது வாங்கியவருக்குத் தெரிகிறது. பொது அதிகாரப் பத்திரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தனக்குச் சொந்தம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதிகாரப் பத்திரம் உரிமையை மாற்றித் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. அங்கீகாரமில்லாத மனைகளின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. 2016-இல் உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவுக்குத் தடை போட்டபோது, மாநிலம் முழுவதும் எத்தனை பேர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் திகைத்து நின்றார்கள் என்பதை நம் தந்தையர் சொல்லுவார்கள்.

இனி, குடித்தனக்காரர் உள்ளே வந்த பிறகு தொடங்கும் சட்டத்துக்கு வருவோம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-இல்தான் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. போர் முடிந்தும் கட்டுப்பாடு முடியவில்லை. 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களைத் தொடர்ந்து 1960-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கோலோச்சியது. குடியிருப்பவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாது. சட்டம் சொல்லும் காரணம் ஒன்றைக் காட்டி மெய்ப்பிக்க வேண்டும். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் குடியிருப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றிருந்த பிரிவையும் 1986-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிட்டது. ஏழைக் குடித்தனங்களுக்கு அது அரணாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர், மேல்முறையீடு, உயர் நீதிமன்றச் சீராய்வு என்று படியேறி, வழக்குப் போட்டவர் காலமாகி அவர் பிள்ளைகள் வாய்தாவுக்கு அலைந்த கதைகளும் அதே சட்டத்தின் கீழ் நடந்தவைதாம்.

அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருந்தது. நியாய வாடகை என்பது குடியிருப்புகளுக்கு மனையும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு. கடை முதலியவற்றுக்கு 12 விழுக்காடு. வீட்டுக்காரர்கள் பேராசைப்படக் கூடாதென்று அரசு எழுப்பிய வேலி அது. மேலே நாம் போட்ட கணக்கில் செலவைக் கழிக்காமல் பார்த்தாலும் வாடகை 3 விழுக்காட்டைத் தொடவில்லை. வேலி எங்கோ உயரத்தில் நிற்கிறது. ஆடு தரையில் படுத்துக் கிடக்கிறது! மனை விலை வாடகையை விட்டு எவ்வளவு தூரம் ஓடிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

2017-ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. இப்போது நகர்ப்புறத்தில் வாடகை என்பது இருவரும் ஒத்துக்கொண்டு எழுதுவதே. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும். சண்டை வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. வெளியேற்ற வேண்டுமானால் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தாளில் பார்த்தால் நல்ல சட்டம்தான்.

ஆனால் நம் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் எத்தனை வீட்டில் இந்த ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது? எங்கள் வகுப்பில் வெளியே அறையெடுத்துத் தங்கியிருக்கும் நண்பர்களைக் கேட்டேன். ஒருவர் கையிலும் ஒரு தாள்கூட இல்லை. "அட்வான்ஸ் கொடுத்தோம், சாவி கொடுத்தார்" என்பதே விடை.

ஏன் எழுதுவதில்லை? வீட்டுக்காரர்களுக்கு இரண்டு அச்சங்கள். ஒன்று, பன்னிரண்டு ஆண்டு இருந்துவிட்டால் குடித்தனக்காரர் வீட்டையே சொந்தம் கொண்டாடிவிடுவார் என்பது. இது பாட்டி காலத்துப் பூச்சாண்டி. உரிமையாளரின் இசைவோடு குடியிருப்பவருக்கு எதிர் அனுபவ உரிமை பிறப்பதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், 'உங்கள் வீட்டில் நான் குடியிருக்கிறேன்' என்று அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிறது. ஆகவே பூச்சாண்டிக்குப் பயப்படுகிறவர்தாம் முதலில் எழுத வேண்டும்! பதினொரு மாத ஒப்பந்தம் என்ற வழக்கமும் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கப் பிறந்ததே. புதிய சட்டமோ பதினொரு மாதமானாலும் எழுதிப் பதியச் சொல்கிறது.

மற்றோர் அச்சம் வருமான வரி. இதுவும் பாதி கற்பனை. வாடகையிலிருந்து கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 விழுக்காட்டைச் செலவுக் கணக்குக் காட்டாமலே கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையின்படி சாதாரண வருமானம் 12 இலட்சம் ரூபாய் வரை உள்ளவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஓய்வூதியம் வாங்கும் நம் ஊர் ஆசிரியர் பின்கட்டு வாடகையை யாரிடமிருந்து மறைக்கிறார்? மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு விலையாகச் சட்டம் தரும் பாதுகாப்பைக் கைவிடுகிறார்கள்.

குடித்தனக்காரரும் இதில் ஏமாளிதான். எழுத்தில் ஒப்பந்தம் செய்யத் தவறியதே வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணமாகப் புதிய சட்டத்தில் இருக்கிறது. பத்து ஆண்டு ஒழுங்காக வாடகை கொடுத்தவருக்கும் தாள் இல்லையென்றால் கால் ஊன்ற இடமில்லை. முன்பணத்தின் கதை இன்னும் சுவையானது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டத்துக்குப் புறம்பு என்று எழுதிவிட்டு, 'வேறு உடன்பாடு இருந்தாலன்றி' என்ற சொற்களையும் சேர்த்துவிட்டார்கள். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுங்கால வழக்கம். வீடு கிடைக்காமல் அலைகிறவர் எந்த உடன்பாட்டுக்குத்தான் தலையாட்ட மாட்டார்? விதியை விலக்கு விழுங்கிவிட்டது என்பேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்பதும் சட்டம். நடைமுறையிலோ வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை கழியும். மீதிக்கு "அடுத்த குடித்தனம் வரட்டும் தம்பி" என்ற பதில் வரும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். எங்கள் அறையிலும் மின்சாரம் எரிகிறது. யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததுதான் விலை. அரசு கொடுத்த நூறு யூனிட் எந்த வழியாக எங்கே போகிறது என்று நாங்கள் நால்வரும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு விவாதிப்பதுண்டு.

மதுரை, திண்டுக்கல் பக்கத்து நண்பர்களுக்கு ஒத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மொத்தமாகச் சில இலட்சங்களைக் கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பது, போகும்போது பணத்தைத் திரும்பப் பெறுவது. கேட்பதற்கு இனிக்கிறது! ஒத்தி வாங்கியவர் அந்தப் பணத்தை மகள் திருமணத்துக்குச் செலவழித்துவிடுகிறார். குடியிருப்பவர் கேட்கும்போது பணம் இல்லை. இன்னொருவரிடம் ஒத்தி வாங்கித்தான் இவருக்குக் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து வருமானம் வருவதாக அவர் நினைக்கிறார். உண்மையில் வீட்டின் மேல் ஒரு கடன் உட்கார்ந்திருக்கிறது. இதைவிடக் கொடியது, அதே வீடு முன்னமே வங்கியில் அடமானத்தில் இருப்பது. தவணை தவறினால் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி வீட்டைக் கைப்பற்றும். கூலி வேலை செய்து சேர்த்த ஐந்து இலட்சத்தை ஒரு முத்திரைத்தாளை நம்பிக் கொடுத்த குடும்பம் பாத்திரம் பண்டங்களோடு தெருவில் நிற்கும். அனுபவப் பாத்தியத்தோடு கூடிய அடமானம் நூறு ரூபாய்க்கு மேற்பட்டதானால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. பதிந்தால் செலவு என்று எல்லோரும் தவிர்க்கிறார்கள். வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்து, பத்திரத்தின் அசலைக் கண்ணால் கண்டு, பதிந்துகொண்டு கொடுப்பவர் நூற்றில் எத்தனை பேர்?

இவ்வளவையும் நான் பணக் கணக்காகவே எழுதி வந்தேன். பணக் கணக்கில் அடங்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. முதலாமாண்டில் அறை தேடித் தெருத் தெருவாக அலைந்தபோது எங்களோடு வந்த நண்பரிடம் ஒரு வீட்டம்மா அன்பாகத்தான் கேட்டார். "தம்பி, உங்களுக்கு எந்த ஊரு? ஊருல எந்தத் தெரு?" ஊர் எங்கள் வாயால் கேட்பதற்கு, தெரு வேறொன்றைத் தெரிந்துகொள்வதற்கு. நண்பர் தெருவின் பெயரைச் சொன்னார். அடுத்த நொடியே, மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள், அறையைக் கொடுப்பதற்கில்லை என்றாகிவிட்டது. 'வாடகைக்கு விடப்படும்' என்ற அட்டை மட்டும் அடுத்த மூன்று மாதமும் அந்த வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. தீண்டாமையின் பெயரால் ஒருவர் ஓர் ஊரிலோ வட்டாரத்திலோ குடியிருக்க முடியாமல் தடுப்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லாதவரை யார் எப்படி மெய்ப்பிப்பது? மதத்தைக் காட்டி மறுப்பவரும், 'சைவம் மட்டும்' என்று எழுதிவைப்பவரும், தனியாக வேலை பார்க்கும் பெண்ணுக்கு இடமில்லை என்பவரும் இதே முறையைத்தான் கையாளுகிறார்கள்.

அறம் பேசினால் சிலருக்குக் கசக்கும். ஆகவே அவர்களுக்குப் பொருளியல் மொழியிலேயே சொல்கிறேன். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு போயிற்று. மூன்று மாதம் என்றால் கால் பங்கு. ஏற்கெனவே 2 விழுக்காட்டில் இழுத்துக்கொண்டிருக்கும் முதலீட்டில், வருகிறவரின் தெருவை விசாரித்துக் கால் பங்கை இழப்பவர் தன்னை முதலீட்டாளர் என்று சொல்லிக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது? கடை வைத்திருப்பவர் வாசலில் நின்று வாடிக்கையாளரின் குலம் கோத்திரம் கேட்டால் கடை எத்தனை நாள் நடக்கும்?

அரசு என்ன செய்ய வேண்டும் என்று எழுத எனக்கு வயது போதாது என்று பேராசிரியர்கள் சொல்லலாம். இருந்தாலும் ஒன்று சொல்வேன். வாடகை அதிகாரி என்று ஒருவர் இருப்பதே மக்களுக்குத் தெரியவில்லை. வீட்டு வரி இரசீதின் பின்பக்கத்தில் அவர் அலுவலக முகவரியை அச்சிட்டால்கூடப் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. வணிகவியல் துறை இருக்கிறது. கல்வியாண்டு தொடங்கும் ஜூன், ஜூலையில் இரண்டு சனிக்கிழமைகளில், வெளியே அறையெடுத்துத் தங்கும் மாணவர்களையும் அந்த வீட்டுக்காரர்களையும் அழைத்து, ஒப்பந்தம் எழுதவும் இணையத்தில் பதியவும் உதவலாம். வீட்டுக்காரர்கள் வருவார்களா என்று கேட்பீர்கள். பன்னிரண்டு ஆண்டுப் பூச்சாண்டியையும் வரிக் கணக்கையும் விளக்கிச் சொன்னால் சிலராவது வருவார்கள். என் தந்தையார் இந்த ஆண்டு இரண்டு குடித்தனத்துக்கும் எழுதிப் பதிந்துவிட்டார். ஒப்பந்தத்தில் வாடகையும் முன்பணமும் மட்டும் இருந்தால் போதாது. குடிபுகும் அன்றைய மின்மானி எண், யூனிட்டுக்கு என்ன விலை, தண்ணீர் மோட்டார் பழுதானால் யார் செலவு, வெள்ளையடிக்க எவ்வளவு கழியும், சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல் எவை, எத்தனை மின்விசிறி, எத்தனை சாவி என்பன அனைத்தும் அதில் இருக்க வேண்டும். அப்படியொரு மாதிரிப் படிவத்தை நானும் என் அறை நண்பர்களும் எழுதிவைத்திருக்கிறோம். வேண்டுவோர் பொருளியல் துறை அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் எங்களைப் பார்க்கலாம்.